பந்து தண்ணீருக்குள் போனால் போகட்டும்

நல்லூர்த் திருவிழாவுக்கு என்று வெளிநாட்டில் இருந்து வரும் குடும்பங்கள் கொடி இறங்கியதும் உடனே விமானம் ஏறுவதில்லை. மிச்ச நாட்களுக்குத் தெற்கே ஒரு சுற்று உண்டு. ரொறன்ரோவிலும் லண்டனிலும் கோல்ஃப் பழகிய அண்ணன்மார், மாமன்மார் இங்கே இருக்கும் மருமக்களையும் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு நுவரெலியா, டிகன விக்டோரியா, கொழும்பு றோயல் என்று கோல்ஃப் மைதானங்களில் போய் இறங்குகிறார்கள். கிட்டடியில் என்றால் திருகோணமலை சீனக்குடாவில் விமானப்படையின் மைதானம் இருக்கிறது. இங்கே யாழ்ப்பாணத்தில் 18 குழி மைதானம் எதுவும் இல்லை. அதனால் கூடப் போகிற நம்முடைய பிள்ளைகளுக்கு விளையாட்டும் புதிது, அந்த மைதானங்களில் வெட்டி வைத்திருக்கும் குளங்களும் புதிது.

நான் யாழ்ப்பாணத்தில் வைத்தியம் பார்ப்பவன். நுவரெலியாவில் வேலை செய்த காலத்தில் கோல்ஃப் பழகினேன், இன்றைக்கும் அந்த விளையாட்டில் எனக்கு ஆசை உண்டு. இரண்டு பக்கமும் நின்று பார்த்தவன் என்பதால் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். தண்ணீருக்குள் போன பந்தை விட்டுவிடுங்கள். அதைத் திருப்பி எடுக்கப் போவதில்தான் ஆட்டமும் கெடுகிறது, ஆளும் ஆபத்தில் விழுகிறார்.

என்னிடம் வந்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். கனடாவில் இருந்து வந்தவர், ஐம்பது வயதுக்கு மேல். உள்ளங்காலில் நீளமான வெட்டு, சீழ் வைத்து, கால் கணுக்கால் வரை வீங்கி இருந்தது. தெற்கில் ஒரு மைதானத்தில் குளத்துக்குள் இறங்கியபோது ஏதோ கிழித்திருக்கிறது. இரண்டு மூன்று நாள் சும்மா கட்டுப் போட்டுக்கொண்டு திரிந்துவிட்டு வந்திருக்கிறார்.

"ஏன் அண்ணை இறங்கினீங்கள்?" என்று கேட்டேன்.

"பந்து தெரிஞ்சது டொக்டர். ஒரு கை நீளம்தான் இருக்கும்."

சப்பாத்தைக் கழற்றிவிட்டு ஒரு காலை வைத்ததும் வழுக்கி நெஞ்சளவு தண்ணீருக்குள் போயிருக்கிறார். தமக்கையின் மகன் கரையில் குப்புறப் படுத்துக்கொண்டு, பந்து அடிக்கும் கோலான கிளப்பை நீட்டியிருக்கிறான். அதைப் பிடித்துத்தான் வெளியே வந்திருக்கிறார். காயத்தைக் கழுவி, ஏற்பு ஊசி போட்டு அனுப்பினேன். அந்தப் பெடியனை நான் மனதாரப் பாராட்டினேன். அவன் குதிக்கவில்லை. கரையில் இருந்தபடி நீட்டினான்.

இந்த 'ஒரு கை நீளம்' என்பதுதான் ஆட்களை இழுக்கிறது. கோல்ஃப் மைதானத்துக் குளம் நம்முடைய ஊர்க் குளம் மாதிரி இல்லை. ஆரியகுளத்திலோ கீரிமலைக் கேணியிலோ கட்டு இருக்கும், படி இருக்கும், கால் எங்கே ஊன்றும் என்று தெரியும். மைதானத்துக் குளம் பார்வைக்கு வடிவாக இருப்பதற்காகவும், மழைத் தண்ணீரைத் தேக்கிப் புல்லுக்கு இறைப்பதற்காகவும் வெட்டப்படுவது. தண்ணீர் கீழே இறங்கிவிடாமல் இருக்க அடியில் களிமண் இறுக்கியிருப்பார்கள், அல்லது தடித்த பிளாஸ்டிக் விரிப்புப் போட்டிருப்பார்கள். புல்லுக்குப் போடும் பசளை மழையோடு வந்து சேர்வதால் அந்தச் சரிவு முழுக்கப் பாசி பிடிக்கும். வெட்டிய புல்லும் சருகும் அடியில் அழுகிச் சேறாகக் கிடக்கும். கரையில் இருந்து பார்க்க முழங்கால் ஆழம் போலத்தான் தெரியும். கால் வைத்தால் சரிவு முடியும் இடம் வரை வழுக்கிக்கொண்டு போகும். திரும்பி ஏறக் கை பிடிக்க ஒரு வேரோ கல்லோ இராது. நீச்சல் தெரிந்தவரே ஈர உடுப்போடு அந்தச் சரிவில் ஏறப் பெரும்பாடு படுவார். நுவரெலியாக் குளிரில் என்றால் இன்னொன்றும் சேரும். உடம்பு திடீரென்று குளிர்ந்த தண்ணீரில் பட்டால் மூச்சு தன்பாட்டில் உள்ளே இழுக்கும். அந்த நேரம் வாய் தண்ணீருக்குள் இருந்தால் முதல் மூச்சே தண்ணீர்தான்.

இவ்வளவும் எதற்காக? விதிப்படி பார்த்தால் அந்தப் பந்து உங்களுக்குத் தேவையே இல்லை. 2019 ஜனவரியில் கோல்ஃப் விதிகளைப் புதுப்பித்தபோது தண்ணீர்த் தடைகளை எல்லாம் 'அபராதப் பகுதி' என்ற பெயருக்குள் கொண்டுவந்தார்கள். எல்லையில் மஞ்சள் கட்டை அல்லது சிவப்புக் கட்டை நட்டிருக்கும், இல்லாவிட்டால் அதே நிறத்தில் கோடு போட்டிருக்கும். குறைந்த தடவை அடித்து முடிப்பவர் வெல்லும் இந்த ஆட்டத்தில், பந்து உள்ளே போனது உறுதி என்றால் ஓர் அடி அபராதம், அதாவது ஒரு தடவை கூட அடித்ததாகக் கணக்கு, அவ்வளவுதான். வேறு பந்தை எடுத்து விளையாடலாம். மஞ்சள் என்றால் இரண்டு வழி. முன்பு அடித்த இடத்துக்கே போய்த் திரும்ப அடிக்கலாம். இல்லாவிட்டால், பந்து கடைசியாக எல்லையைத் தாண்டிய இடத்தையும் குழியில் நட்டிருக்கும் கொடியையும் ஒரே நேர்கோட்டில் வைத்து, அந்தக் கோட்டில் பின்னால் எவ்வளவு தூரமும் போய்ப் பந்தைப் போடலாம். சிவப்பு என்றால் மூன்றாவது வழியும் உண்டு. எல்லையைத் தாண்டிய அந்த இடத்தில் இருந்து இரண்டு கிளப் நீளத்துக்குள், குழிக்குக் கிட்டப் போகாமல், வெளியே போடலாம். பந்தை முழங்கால் உயரத்தில் இருந்து விட வேண்டும். முன்பு தோள் உயரம் என்று பழகியவர்கள் இதைக் கவனியுங்கள்.

பாம்புக்கும் விதி இருக்கிறது. விஷப்பாம்பு, முதலை, கொட்டும் தேனீ மாதிரி ஆபத்தான பிராணி பந்துக்குக் கிட்ட இருந்தால் அபராதம் இல்லாமலே பந்தைப் பாதுகாப்பான இடத்துக்கு மாற்றலாம். பந்து அபராதப் பகுதிக்குள் கிடந்தால் அந்தப் பகுதிக்குள்ளேயே வேறு இடத்தில் வைக்கலாம், அல்லது ஓர் அடி அபராதத்தோடு வெளியே வரலாம். குளத்து ஓரத்துப் புல்லைச் சும்மா கையால் விலக்கித் தேட வேண்டாம். கண்ணாடி விரியன் கடித்து வரும் ஆட்களைப் பார்த்துப் பழகிய எங்களுக்கு அந்தக் காட்சியே நெஞ்சைப் பிசையும். தேடுவதற்கு விதி தருவது மூன்று நிமிடம்தான், அதுவும் கிளப்பால் விலக்கித் தேடலாம்.

இனி, பந்து தண்ணீருக்குள் போகாமல் விளையாடுவது எப்படி? இதில் பெரும்பாலானவர்கள் செய்யும் பிழை ஒன்றே ஒன்று. தங்களுடைய மிகச் சிறந்த அடியை நினைத்துக்கொண்டு கிளப்பை எடுக்கிறார்கள். ஏழாம் இரும்பு என்ற கிளப்பால் ஒருநாள் 150 யார் தூரம் போனது என்றால் அதுவே தன் தூரம் என்று மனதில் பதிந்துவிடும். பத்துத் தடவை அடித்தால் எட்டுத் தடவை 135, 140இல் விழுவதை மறந்துவிடுவோம். தண்ணீரைத் தாண்ட 145 வேண்டும் என்றால் அந்த எட்டுப் பந்தும் குளத்துக்குள்தான். இன்னொன்று, பந்து விழுந்து உருண்ட தூரத்தையும் சேர்த்துக் கணக்குப் பார்ப்பது. தண்ணீருக்கு மேலே உருள முடியாது. காற்றில் பறக்கும் தூரம் மட்டும்தான் கணக்கு. ஆகவே ஒரு படி கூடத் தூரம் போகும் கிளப்பை எடுங்கள், மெதுவாக வீசுங்கள். நுவரெலியா கடல் மட்டத்தில் இருந்து கிட்டத்தட்ட 1,870 மீற்றர் உயரம். காற்று ஐதாக இருப்பதால் அங்கே பந்து கொஞ்சம் கூடத் தூரம் பறக்கும். அந்தத் தூரத்தை நம்பிக்கொண்டு அடுத்த நாள் கொழும்பில் அடித்தால் குறையும்.

தாண்ட முடியுமா என்று சந்தேகம் வந்தால், சரி, தாண்ட வேண்டாம். தண்ணீருக்கு முன்னாலேயே ஒரு சின்ன அடி அடித்து வைத்துவிட்டு, அடுத்த அடியில், குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையான கிரீனுக்குப் போங்கள். இதில் ஒரு வெட்கமும் இல்லை. கொடி தண்ணீர்ப் பக்கம் நட்டிருந்தால் கொடியைப் பார்க்காமல் கிரீனின் நடுவைப் பாருங்கள். கூட நிற்பவர் அடித்தார் என்பதற்காக நீங்களும் அடிக்கத் தேவையில்லை.

போன பந்துக்குக் கோபப்பட்டு உடனே அடுத்ததை அடிப்பதும் கூடாது. 2016 மாஸ்டர்ஸ் போட்டியின் கடைசிச் சுற்றில், முதல் ஒன்பது குழி முடியும்போது ஐந்து அடி முன்னிலையில் இருந்த அமெரிக்க ஆட்டக்காரர் ஜோர்டன் ஸ்பீத், 12ஆம் குழியில் பந்தை ஓடைக்குள் போட்டார். மறுபடி போட்டு அடித்த பந்தும் ஓடைக்குள் போனது. மூன்று அடியில் முடிக்க வேண்டிய குழியில் ஏழு அடி எடுத்தார், பட்டமும் போனது. அதைவிட எனக்கு மனதில் நிற்பது 1999 பிரித்தானிய ஓப்பன், கார்னூஸ்டி மைதானம். பிரான்சு நாட்டு ஜான் வான் டி வெல்ட் கடைசிக் குழிக்கு மூன்று அடி முன்னிலையோடு வந்தார். ஆறு அடியில் முடித்தாலும் வெற்றி. பந்து பாரி ஓடைக்குள் விழுந்தது. சப்பாத்து, காலுறை எல்லாவற்றையும் கழற்றி, காற்சட்டையை மடித்துக்கொண்டு ஓடைக்குள்ளே இறங்கி நின்றார். அங்கிருந்தே அடிக்கலாமா என்று கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஏறி வந்து அபராதத்தை ஏற்றுக்கொண்டார். ஏழு அடியில் முடித்து, அதன் பிறகு நடந்த கூடுதல் ஆட்டத்தில் போல் லோரியிடம் தோற்றார். பட்டம் போனதைப் பற்றித்தான் எல்லாரும் கதைப்பார்கள். உலகத் தரத்து ஆட்டக்காரனையே சப்பாத்தைக் கழற்ற வைத்த அந்த இழுப்பை நான் கவனிக்கச் சொல்கிறேன். நமக்கும் அதே இழுப்புத்தான் வரும், வந்தவுடன் அடையாளம் கண்டுகொள்ள வேண்டும்.

இன்னொன்றையும் மனம் நொந்தே சொல்கிறேன். கிளப் பையைத் தூக்கும் கேடியாக வரும் பெடியனிடமோ வேலி ஓரம் நிற்கும் சிறுவனிடமோ காசைக் காட்டி, "எடுத்துத் தா தம்பி" என்று கேட்காதீர்கள். உங்களுக்கு ஒரு பந்து, அவன் வீட்டுக்கு அவன்தான் பிள்ளை. கரையில் நின்று எடுக்க நீட்டு அலுமினியக் கோல் கடையில் விற்கிறது. அது எட்டாத பந்தை விட்டுவிட வேண்டும்.

சின்னப் பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவர்கள், குளம் இருக்கும் குழிகளில் ஒரு பெரியவரைப் பிள்ளைக்கென்றே ஒதுக்குங்கள். அவர் அந்தக் குழியில் விளையாடக் கூடாது, தொலைபேசியும் பார்க்கக் கூடாது. தண்ணீரில் மூழ்கும் பிள்ளை கத்தாது, கையை ஆட்டிக் கூப்பிடாது. மூச்சு எடுக்கவே நேரம் போதாதபோது குரல் எங்கே வரும்? தலை பின்னால் சாய்ந்து, வாய் தண்ணீர் மட்டத்தில், உடம்பு நேராக நிற்கும். பக்கத்தில் நிற்பவருக்கு விளையாடுவது போலத் தோன்றும். ஒரு நிமிடத்துக்குள் பிள்ளை உள்ளே போய்விடும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 2021இல் மட்டும் ஏறத்தாழ 3 இலட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள். அதில் பாதிப் பேருக்குக் கிட்ட 30 வயதுக்குக் குறைந்தவர்கள்.

யாராவது விழுந்தால் பின்னால் குதிக்காதீர்கள். காப்பாற்றப் போனவரும் சேர்ந்து போன சாவுகள் நம் ஊரில் கேணியிலும் கடலிலும் எத்தனை நடந்திருக்கின்றன. கொடிக் கம்பு, நீளமான கிளப், பந்து எடுக்கும் கோல், எது கையில் இருக்கிறதோ அதைப் படுத்துக்கொண்டு நீட்டுங்கள். எட்டாவிட்டால் உள்ளே தண்ணீர் இல்லாமல் மூடி இறுக்கிய வெறும் போத்தலை, பெரியதாகப் பார்த்து, எறியுங்கள். அதைப் பிடித்து மிதக்கலாம்.

வெளியே எடுத்ததும் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது, தலைகீழாகப் பிடிப்பது, தோளில் போட்டுச் சுற்றுவது எதுவும் வேண்டாம். இன்றைக்கும் இதைச் செய்துவிட்டுத்தான் ஆட்களைக் கொண்டுவருகிறார்கள், அதில் போகும் ஒவ்வொரு நிமிடமும் மூளைக்குக் காற்று இல்லாத நிமிடம். வயிற்றை அமுக்கினால் உள்ளே இருப்பது மேலே வந்து நுரையீரலுக்குள் போகும். மூச்சு இல்லை என்றால் இறுக்கமான தரையில் மல்லாக்கப் படுக்க வைத்து, நாடியை உயர்த்தித் தலையைச் சற்றுப் பின்னே சாய்த்து, மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து ஐந்து முறை ஊதுங்கள். நீரில் மூழ்கியவருக்கு முதலில் வேண்டியது காற்று. பிறகு நெஞ்சின் நடுவில் 30 அழுத்தம், இரண்டு ஊதல் என்று அம்புலன்ஸ் வரும்வரை தொடருங்கள். பெரியவர்களுக்கு 5 செ.மீ. ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம். வாந்தி வந்தால் பக்கவாட்டில் திருப்பி வாயைத் துடைத்துவிட்டுத் தொடருங்கள். இலங்கையில் எங்கிருந்தும் 1990 அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். கூட நிற்பவர் ஒருவர் அதை அழைக்கட்டும். கண் விழித்து எழுந்து உட்கார்ந்தாலும் வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். நுரையீரல் சில மணித்தியாலம் கழித்தும் மோசமாகலாம்.

கடைசியாகக் காய்ச்சல். 2024 டிசம்பரில் வெள்ளத்துக்குப் பின் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் வந்து உயிர்களைக் கொண்டுபோனது பலருக்கு நினைவிருக்கும். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரிலும் சேற்றிலும் இருக்கும் அந்தக் கிருமி, காலில் இருக்கும் சின்ன வெடிப்பு வழியாகவே உள்ளே போய்விடும். வயலுக்கு மட்டும் உரிய நோய் இல்லை அது. தேங்கிய தண்ணீர் எங்கே இருந்தாலும் வரலாம். நோய் தெரிய வழமையாக ஐந்து முதல் 14 நாள் ஆகும், சிலருக்கு ஒரு மாதமும் ஆகலாம். அதற்குள் நீங்கள் திரும்ப விமானம் ஏறியிருப்பீர்கள். கடும் காய்ச்சல், தலையிடி, கெண்டைக்காலில் தொட முடியாத நோ, கண் சிவத்தல், சலம் குறைதல் என்று வந்தால் தாமதிக்காமல் வைத்தியரிடம் போங்கள். டெங்குவும் இங்கே இருப்பதால் பரசிற்றமோல் தவிர வேறு நோக் குளிசை எதையும் நீங்களாகப் போடாதீர்கள். ரொறன்ரோவில் இருக்கும் வைத்தியருக்கு இந்த நோய் உடனே நினைவுக்கு வராமல் போகலாம். அவர் கேட்கும்வரை காத்திருக்காமல், இலங்கையில் குளத்துத் தண்ணீரில் இறங்கியதையும், எந்தத் திகதியில் இறங்கினீர்கள் என்பதையும் முதலில் சொல்லிவிடுங்கள்.