ஓட்டைகளால் ஆன கவசம்

சரித்திரப் படங்களில் கதாநாயகன் வாளை ஒரே வீச்சு வீசுகிறான். எதிரியின் கழுத்தை மூடியிருக்கும் இரும்பு வளையக் கவசம் துணி மாதிரி கிழிகிறது. இது நடக்கிற காரியமா என்று ஒரு கல்லூரி மாணவர் கேட்டிருந்தார். வாளால் வெட்டிக் கிழிப்பது ஏறக்குறைய முடியாது. ஈட்டியால் குத்தினால் கதை வேறு. இந்த வேறுபாட்டுக்குள்தான் அருமையான இயற்பியல் இருக்கிறது.

முதலில் செய்முறை. இரும்புக் கம்பியை ஒரு தடியில் சுருளாகச் சுற்றி, நெடுக வெட்டினால் வளையங்கள் உதிரும். இடைக்கால ஐரோப்பாவில் ஒவ்வொரு வளையத்தையும் அக்கம்பக்கத்து நான்கு வளையங்களுக்குள் கோத்தார்கள். 2,000 ஆண்டுகளுக்கும் முன்பே ஐரோப்பாவின் பழங்குடிகளான கெல்ட் மக்களிடம் இருந்த முறைதான் இது.

நான் ரசித்து நிற்கும் இடம் வளையத்தின் வாய். கம்பியின் இரு முனைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி, சுத்தியலால் தட்டித் தட்டையாக்கி, நடுவில் சின்னத் துளையிட்டு, அதில் அரிசி நுனி அளவு ரிவெட் ஆணியைச் செருகி அடித்து மூடுவார்கள். கழுத்தளவு கவசத்துக்கே இப்படி ஆயிரக்கணக்கான வளையங்கள். இந்தச் சள்ளை பிடித்த வேலை எதற்கு? முனைகளைச் சும்மா ஒட்டி வைத்தால் போதாதா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். கம்பியின் விட்டம் 1 மில்லிமீட்டர் என்றால் குறுக்குவெட்டுப் பரப்பு சுமார் 0.8 சதுர மில்லிமீட்டர். பழைய இரும்பு ஒரு சதுர மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 350 நியூட்டன் இழுவிசை தாங்கும் என்று கொள்வோம். மூடிய வளையத்தை இழுத்தால் அதன் இரு பக்கமும் சேர்ந்து தாங்கும். ஆக, அறுக்க 550 நியூட்டன் வேண்டும். அதாவது 55 கிலோ எடையைத் தொங்கவிட வேண்டும். இதே வளையம் ரிவெட் இல்லாமல் இருந்தால் கம்பியை அறுக்கத் தேவையே இல்லை, வளைத்தால் போதும். மெல்லிய கம்பியை வளைக்கப் பல மடங்கு குறைந்த விசை போதும் என்பதால் வளையம் வாயைத் திறந்துவிடும். ஒரு துளி இரும்பு, வளைக்கும் சிக்கலை அறுக்கும் சிக்கலாக மாற்றிவிடுகிறது. இதைக் கண்டுபிடித்த கொல்லனுக்குச் சமன்பாடு எதுவும் தெரிந்திருக்காது. ஆனால் அவன் கை சரியான விடையைச் சொல்லியிருக்கிறது.

சரி, இனி வாள். வெட்டு விழும்போது வாளின் விளிம்பு ஒரே நேரத்தில் பல வளையங்கள் மேல் படுகிறது. ஒவ்வொன்றும் தன் சுமையை நான்கு பேரிடம் கொடுக்க, அவை அடுத்தவற்றிடம் கொடுக்கின்றன. வெட்டுவதற்கு அடியில் உறுதியான தாங்கல் வேண்டும். இங்கே கவசமோ பின்வாங்கிக்கொண்டே போகிறது, கிரிக்கெட் பயிற்சி வலையில் பட்ட பந்து வேகம் செத்து விழுவதுபோல. ஈட்டி முனையோ ஒரே வளையத்துக்குள் நுழைந்து ஆப்பு மாதிரி அதை உள்ளிருந்து பிளக்கிறது. சுமையைப் பங்கிட நேரமும் இல்லை, ஆளும் இல்லை.

ஆனால் வெட்டைத் தடுத்தாலும் அடி உள்ளே போகும். வளையங்கள் வளைந்து கொடுப்பதால் அதிர்ச்சி எலும்பை எட்டும். தோளில் கழுத்துப்பட்டை எலும்பு நொறுங்கலாம், தலையிலோ ஆளே போய்விடலாம். அதனால்தான் உள்ளே பஞ்சு வைத்துத் தைத்த தொப்பி, அதன்மேல் வளையத் தலைமூடி, அதற்கும் மேல் இரும்புத் தலைக்கவசம் என்று அடுக்கினார்கள்.

கழுத்து இன்னும் சிக்கலான இடம். தலை திரும்ப வேண்டும், குனிய வேண்டும், அண்ணாந்து பார்க்க வேண்டும். தகடு வைத்தால் அசைய முடியாது. அதனால் தலைக்கவசத்தின் கீழ் விளிம்பிலிருந்து வளையத் திரையைத் தொங்கவிட்டார்கள். 1982-ல் இங்கிலாந்தின் யார்க் நகரில் கிடைத்த, 8-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த காப்பர்கேட் தலைக்கவசத்தில் இந்தத் திரை பின்கழுத்தை மூடுகிறது. அதன் உச்சியில் ஒரு கிறிஸ்தவ வேண்டுதல் பொறிக்கப்பட்டிருக்கிறது. வேண்டுதல் வீரனுக்குத் துணிவு தந்திருக்கலாம். கழுத்தைக் காப்பாற்றும் பொறுப்பை அந்தக் கொல்லன் ரிவெட்டிடம் ஒப்படைத்தது எனக்குப் பிடித்திருக்கிறது.

14-ஆம் நூற்றாண்டில் இது மேலும் நேர்த்தியானது. தலைக்கவசத்தின் விளிம்பில் துளையுள்ள சிறு முளைகள், துளையிட்ட தோல் பட்டை, அவற்றை இணைக்கும் கயிறு. கயிற்றை உருவினால் திரை தனியே வந்துவிடும், துருவெடுத்துச் சரிசெய்யலாம். கழுத்தில் குறுகித் தோளில் விரிய, இடையிடையே கூடுதல் வளையம் சேர்த்துக்கொண்டே போவார்கள். 1361-ல் சுவீடனின் விஸ்பி அருகே டென்மார்க் படையிடம் தோற்ற கோட்லாந்து விவசாயிகளின் புதைகுழிகளில், வளையத் தலைமூடி அணிந்தபடியே மண்டையோடுகள் கிடைத்தன. அங்குள்ள எலும்புகளில் வெட்டுக்காயம் பெரும்பாலும் கால்களில்தான்.

அப்புறம் தகட்டுக் கவசம் வந்து உடம்பின் பெரும்பகுதியைப் பிடித்துக்கொண்டது. அப்போதும் தொண்டைக்கும் அக்குளுக்கும் வளையங்களே தொடர்ந்தன. அந்த இடங்களில் அசையாத கவசம் உதவாது.

2021-ல் அமெரிக்காவின் கால்டெக் ஆய்வாளர்களும் சிங்கப்பூரின் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தினரும் இதன் தொடர்ச்சியாக ஒன்று செய்தார்கள். முப்பரிமாண அச்சில் வார்த்த சின்னச் சின்ன எண்முகிகளை (எட்டு முகம் கொண்ட கூடுகளை) கோத்து ஒரு துணி. அதை உறையிலிட்டுக் காற்றை உறிஞ்சினால் எண்முகிகள் நெருங்கி, விறைப்பு 25 மடங்குக்கும் மேல் கூடுகிறது. காற்றை விட்டால் மறுபடி தொய்ந்துவிடும். மணலும் காபித்தூள் பொட்டலமும் எப்படி இறுகுகின்றன என்று ஆராய்ந்தவர்கள் போட்ட அடித்தளம் இது. அப்படிப்பட்ட கேள்விகளுக்கு நம் நிதிக்குழுக்கள் ‘இதனால் உடனடிப் பயன் என்ன’ என்று கேட்டுப் பணத்தை நிறுத்தக் கூடாது. வளையத்தின் விறைப்பைத் தேவைக்கேற்ப மாற்றும் வழி கொல்லனுக்குக் கடைசிவரை கிட்டவில்லை. இப்போது அது ஒரு பம்பில் இருக்கிறது.