பொய் முகவரிக்கு வெறும் 4.3தானா?

முகவரிப் பட்டையில் வங்கியின் முகவரி தெரிகிறது, கீழே இருப்பதோ திருடனின் பக்கம். இப்படிப்பட்ட ஸ்பூஃபிங் ஓட்டைக்கு 10க்கு 4.3 மதிப்பெண்தானா என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

பிரவுசரை இப்படி ஏமாற்றப் பல வழிகள் உண்டு. ஒன்றில் தாமதமே ஆயுதம். பதிலே வராத ஒரு போர்ட் எண்ணை (சர்வரின் வாசல் எண் மாதிரி) முகவரியில் சேர்த்து, வங்கியின் தளத்துக்குப் போகச் சொல்கிறது திருட்டுப் பக்கம். பிரவுசர் அவசரப்பட்டுப் புது முகவரியைப் பட்டையில் எழுதிவிடுகிறது. பதில் வராததால் பழைய பக்கம் அப்படியே நிற்கும். அது தன்னை வங்கியின் லாகின் படிவமாக மாற்றிக்கொள்ளும். 2018இல் எட்ஜ், சஃபாரி இரண்டிலும் இத்தகைய ஓட்டை வெளிவந்தது.

இனி கணக்கு. ஃபர்ஸ்ட் என்ற அமைப்பு பராமரிக்கும், மென்பொருள் ஓட்டைகளின் தீவிரத்துக்கு மதிப்பெண் போடும் சி.வி.எஸ்.எஸ். முறையின் 3.1 பதிப்பில், தாக்குவது எவ்வளவு எளிது என்பதற்கு ஒரு பெருக்கல்: 8.22 × 0.85 × 0.77 × 0.85 × 0.62. 8.22 சூத்திரத்தின் மாறா எண். இணையம் வழியே தாக்கலாம், சிக்கல் இல்லை, கணக்கோ அனுமதியோ வேண்டாம் என்பவை முதல் மூன்று பின்னங்கள். கடைசி 0.62தான் எனக்குப் பிடித்தது. பாதிக்கப்படுபவர் ஏதாவது செய்தாக வேண்டும், குறைந்தது ஒரு லிங்க்கைத் தட்ட வேண்டும் என்பதற்கான தள்ளுபடி அது. விடை 2.84.

சேதத்தின் பங்கு 6.42 × 0.22, அதாவது 1.41. திரையில் காட்டியது பொய் என்பதால் நம்பகத்தன்மைக்குச் சிறு பாதிப்பு, அதற்குத்தான் 0.22; 6.42 மாறா எண். ரகசியத்துக்குப் பூஜ்யம், சேவை முடக்கத்துக்கும் பூஜ்யம். 2.84ஐயும் 1.41ஐயும் கூட்டினால் 4.25. இங்கே எப்போதும் மேல்நோக்கித்தான் முழுமையாக்குவார்கள், ஆகவே 4.3. 4.0 முதல் 6.9 வரை 'நடுத்தரம்'. லிங்க்கைத் தட்டவே தேவையில்லை என்றால் 0.62 போய் 0.85 வரும், மதிப்பெண் 5.3 ஆகும். 0.62ஐ அப்படியே வைத்து, நம்பகத்தன்மைப் பாதிப்பை மட்டும் 'அதிகம்' என்று குறித்தால் 6.5. அப்போதும் நடுத்தரமே!

ரகசியத்துக்கு ஏன் பூஜ்யம்? கடவுச்சொல்லை பிரவுசர் கசியவிடவில்லை, மனிதர் தாமே தட்டெழுதிக் கொடுத்தார். கணக்கு மென்பொருளை மட்டும் அளக்கிறது, ஏமாந்தவரை அல்ல. அளப்பது தீவிரத்தை, ஆபத்தை அல்ல என்று சி.வி.எஸ்.எஸ். கையேடே சொல்கிறது. ஆனால் பல நிறுவனங்களில் எண்ணை மட்டும் பார்த்து வரிசைப்படுத்தி, நடுத்தரங்களை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள். இது சோம்பேறித்தனம் என்பது என் கருத்து. குரோம் பிரவுசரின் அடித்தளமான குரோமியத்தை உருவாக்கும் குழு தனக்கென வைத்திருக்கும் தரவரிசையில், பட்டையில் தெரியும் தளப்பெயரை முழுவதுமாகக் கைப்பற்றும் ஓட்டை 'உயர்' வகையில் வருகிறது. அந்த வரிசைதான் எனக்குச் சரியாகப் படுகிறது.