வாய்ப்புண்ணுக்கு மருந்து கேட்கும் முன் பல்லைத் தடவிப் பாருங்கள்

போன மாதம் முக்கூடல் பக்கத்திலிருந்து ஒரு அண்ணாச்சி வந்தார். நாற்காலியில் சாயும் முன்பே மஞ்சள் பையைக் கவிழ்த்துக் காட்டினார். மூன்று அட்டை பி காம்ப்ளக்ஸ், பாதி தீர்ந்த ஜெல் ட்யூப் இரண்டு, ஒரு கிளிசரின் பாட்டில், காகிதத்தில் மடித்த மாசிக்காய்ப் பொடி. "எல்லாம் போட்டுப் பாத்தாச்சு டாக்டரம்மா, ரெண்டு மாசமா நாக்கு காந்துது, சோறு திங்க முடியல" என்றார். நாக்கை நீட்டச் சொல்லி, நுனியைத் துணியால் பிடித்து ஒரு பக்கமாக இழுத்துப் பார்த்தால் வலது ஓரத்தில் சுண்டைக்காய் அகலத்துக்குப் புண். அதற்கு நேரே கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று உடைந்து, உள்பக்க விளிம்பு பிளேடு மாதிரி நின்றது. விரலால் தடவினேன், கையுறை கிழிந்துவிட்டது.

பேசும்போதும் மெல்லும்போதும் விழுங்கும்போதும் அந்தப் பல் அதே இடத்தை அறுத்துக்கொண்டே இருந்திருக்கிறது, அதன் மேல் அவர் மருந்து தடவிக்கொண்டே இருந்திருக்கிறார். விளிம்பை மழுக்கி வழவழப்பாக்க ஐந்து நிமிடம் ஆனது. மாத்திரை எதுவும் எழுதவில்லை, அதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். "சரி, ரெண்டு வாரம் கழிச்சு கண்டிப்பா வந்து காட்டணும் அண்ணாச்சி" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். வந்தார். புண் இருந்த இடம் லேசாகச் சிவந்திருந்தது, அவ்வளவுதான்.

வாய்க்குள் வரும் புண்களில் முக்கால்வாசி தானாக ஆறக்கூடியவை. வாயின் உள்தோல் வெளித்தோலைவிட வேகமாகத் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும், ரத்த ஓட்டமும் அங்கே தாராளம், எச்சிலிலேயே புண்ணை ஆற்ற உதவும் புரதங்கள் இருக்கின்றன. அதனால் ஒரு புண் ஆறாமல் கிடந்தால், எந்த மருந்து என்று கேட்பதற்கு முன்னால் எது அதை ஆறவிடாமல் வைத்திருக்கிறது என்று தேடுவதுதான் என் பழக்கம்.

பெற்றோர்கள் பதறி ஓடிவரும் விஷயம் ஒன்று உண்டு. பிள்ளைக்குக் கீழ்ப்பல்லில் மரத்துப்போக ஊசி போட்டு அனுப்பியிருப்போம், உதடு மரத்துக் கிடக்கிற அந்த இரண்டு மூன்று மணி நேரத்தில் பிள்ளை விளையாட்டாக உதட்டைக் கடித்துத் தின்றிருக்கும். மறுநாள் உதடு வீங்கி, மேலே வெள்ளையும் மஞ்சளுமாய்ப் படலம் கட்டியிருக்கும். "சீழ் பிடிச்சிட்டு, ஆன்டிபயாட்டிக் எழுதுங்க" என்பார்கள். பெரும்பாலும் அது சீழ் இல்லை. வெளித்தோலில் காயம் பட்டால் பொருக்கு கட்டுகிறதல்லவா, எப்போதும் ஈரமாக இருக்கிற வாயில் பொருக்கு இப்படித்தான் இருக்கும். அதைப் பஞ்சால் தேய்த்து எடுத்துவிட்டால் புண் முதலிலிருந்து தொடங்கும். உதட்டில் வாசலின் தடவிவிட்டு, காரமில்லாமல் சாப்பாடு கொடுத்தால் ஒரு வாரம் பத்து நாளில் சரியாகிவிடும். காய்ச்சல் வந்தாலோ வீக்கம் கூடிக்கொண்டே போனாலோ அது வேறு கதை, உடனே காட்டுங்கள்.

அடுத்து, பரீட்சை சமயத்தில் ஹாஸ்டல் பிள்ளைகள் கொண்டுவரும் புண். உதட்டின் உள்பக்கம், கன்னம், நாக்குக்கு அடியில் என்று சின்னதாய் வட்டமாய், நடுவில் வெளுத்து, சுற்றிலும் சிவந்த வளையத்தோடு வரும். ஒரு சென்டிமீட்டருக்குள் இருந்தால் ஏழு முதல் பதினான்கு நாளில் தழும்பில்லாமல் ஆறிவிடும். அதைவிடப் பெரியது ஆறு வாரம்கூட இழுக்கும், தழும்பும் விடும். இதற்கு ட்ரையாம்சினோலோன் 0.1% கலந்த வாய்ப்பசை நல்ல மருந்து, ஆனால் அதைத் தடவுகிற லட்சணத்தில்தான் பாதிப்பேர் கோட்டை விடுகிறார்கள். ராத்திரி சாப்பிட்டு, வாய் கொப்பளித்து முடித்த பிறகு, சுத்தமான துணியால் புண்ணை ஒற்றி ஈரத்தை எடுங்கள். கடுகை விடக் கொஞ்சம் பெரிதாகப் பசையை விரல் நுனியில் எடுத்துப் புண்ணின் மேல் லேசாக ஒற்றுங்கள். தேய்க்கக் கூடாது. தேய்த்தால் மணல் மாதிரி உதிர்ந்துவிடும். ஒற்றினால் வழவழப்பாக ஒரு ஏடு படியும், ராத்திரி முழுக்க அங்கேயே இருக்கும். புண் வரப்போகிறது என்று சுருக்கென்று குத்தும் பாருங்கள், அப்போதே வைத்தால் இன்னும் நல்லது. இது ஸ்டீராய்டு மருந்து, கொப்புளமாய் வரும் அக்கி வகைக்கும் பூஞ்சைப் புண்ணுக்கும் வைத்தால் நிலைமை மோசமாகும், அதனால் ஒருமுறை டாக்டரிடம் காட்டிக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

மாதா மாதம் வருகிறதென்றால் ரத்தம் பார்க்கச் சொல்வேன். இரும்புச்சத்து, பி12, ஃபோலிக் அமிலம் இந்த மூன்றில் ஒன்று குறைந்திருந்தால் அதைச் சரிசெய்த பிறகு புண் வருவது குறையும். ஆனால் எந்தப் புண்ணுக்கும் மெடிக்கல் ஷாப்பில் ஒரு அட்டை பி காம்ப்ளக்ஸைக் கிழித்துக் கொடுப்பது வைத்தியம் இல்லை, சிறுநீர் மஞ்சளாகப் போவதைத் தவிர பலருக்கும் வேறு எதுவும் நடப்பதில்லை. நுரை அதிகம் வரும் பேஸ்ட்டில் இருக்கும் சோடியம் லாரில் சல்பேட் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது, அது இல்லாத பேஸ்ட்டுக்கு மாறிப் பார்க்கலாம்.

"உடம்புச் சூடு டாக்டரே" என்று சொல்பவர்களிடம் நான் சண்டைக்குப் போவதில்லை. மணத்தக்காளிக் கீரையைத் தேங்காய்ப்பால் விட்டு வைத்துச் சாப்பிடுகிறேன் என்றால் தாராளமாகச் சாப்பிடுங்கள், காரமில்லை, இதமாக இறங்கும். நம்ம திருநெல்வேலிச் சொதியும் அப்படித்தான். கூட வைக்கிற இஞ்சித் துவையலை மட்டும் ஒரு வாரம் மறந்துவிடுங்கள். நான் சண்டை போடுவது கல் உப்பைப் புண்ணின் மேல் வைத்து அழுத்துகிறவர்களோடும், கிராம்புத் தைலத்தைப் பஞ்சில் நனைத்து ஈறில் ராத்திரி முழுக்க வைக்கிறவர்களோடும்தான். ஆஸ்பிரின் மாத்திரையைப் பல்வலிக்காகக் கன்னத்துக்குள் ஒதுக்கிவைத்து, அந்த இடமே வெந்து வெள்ளைத் தோலாக உரிந்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அது விழுங்குகிற மாத்திரை, அமிலம்.

உப்பு வேண்டுமென்றால் ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை டீஸ்பூன் போட்டுக் கொப்பளியுங்கள், அது போதும். குளோர்ஹெக்சிடின் கலந்த மவுத்வாஷ் கிருமி சேராமல் பார்த்துக்கொள்ளும், ஆனால் பல் தேய்த்த உடனே ஊற்றினால் பேஸ்ட் அதன் வேலையைக் கெடுத்துவிடும், அரை மணி நேரம் விட்டுக் கொப்பளியுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்தால் பல்லில் காவி படியும், டீ குடிக்கிறவர்களுக்கு இன்னும் சீக்கிரம். பல் பிடுங்கியவர்கள் மட்டும் முதல் 24 மணி நேரம் எதையும் கொப்பளிக்க வேண்டாம், பீடியும் வேண்டாம். குழியில் உறைந்து நிற்கிற ரத்தக்கட்டிதான் அங்கே மருந்து, அது பெயர்ந்துபோனால் மூன்றாம் நாள் காது வரைக்கும் வலி எடுக்கும்.

பல்செட் போட்டவர்களுக்குப் புண் வந்தால் செட் எங்கே அழுத்துகிறது என்று பார்த்து அந்த இடத்தைத் தேய்த்துக் கொடுக்க வேண்டும். வீட்டிலேயே உப்புத்தாள் வைத்துத் தேய்த்துவிட்டு வருகிறவர்களும் உண்டு, அப்புறம் செட் வாயில் நிற்காது. ராத்திரி கழற்றித் தண்ணீரில் போட்டுவையுங்கள். சர்க்கரை கட்டுக்குள் இல்லையென்றால் எந்தப் புண்ணும் மெதுவாகத்தான் ஆறும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மூட்டுவாதத்துக்கு மருந்து சாப்பிடும் ஒரு அம்மா, வாய் முழுக்க வெந்துபோய், தண்ணீர்கூட விழுங்க முடியாமல் வந்தார். மெத்தோட்ரெக்சேட், வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் போட வேண்டிய மாத்திரை. புது அட்டை வாங்கியதிலிருந்து தினமும் போட்டிருக்கிறார். அது வாயோடு நிற்கிற சங்கதி இல்லை, ரத்த அணுக்களையே குறைத்துவிடும். நான் வாயில் எதையும் தடவவில்லை, நேராகப் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். அதனால்தான் வாய்ப்புண் என்று வருகிற எல்லோரிடமும் சாப்பிடுகிற மாத்திரைகளை ஒன்றுவிடாமல் எடுத்துவரச் சொல்கிறேன்.

அப்புறம் பாக்கு. புகையிலை சேர்க்காமல் போட்டால் ஒன்றும் செய்யாது என்று இன்னும் நம்புகிறார்கள். பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-லேயே வகைப்படுத்திவிட்டது. பாக்கு போடுகிறவர்களுக்குக் கன்னத்தின் உள்பக்கம் நார்நாராய் இறுகி, முதலில் காரம் ஆகாமல் போகும், பிறகு வாய் திறப்பது குறையும். உங்கள் மூன்று விரலைச் செங்குத்தாக அடுக்கி முன்பற்களுக்கு நடுவே விட்டுப் பாருங்கள். நுழையவில்லையென்றால் பல் டாக்டரிடம் போய்க் காட்டுங்கள்.

அண்ணாச்சியை ஏன் இரண்டு வாரத்தில் கட்டாயம் வரச் சொன்னேன் என்றால், அதே மாதிரி வந்த ஒரு ஆச்சிதான் காரணம். அவருக்கும் நாக்கு ஓரத்தில் புண், அவருக்கும் எதிரே கூரான பல். மழுக்கிவிட்டேன். பதினான்காம் நாள் பார்த்தால் புண் அப்படியே இருக்கிறது, விளிம்பைத் தொட்டால் நெல்லிக்கொட்டை மாதிரி கெட்டி. வலியே இல்லை என்றார், அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. சதை எடுத்துப் பரிசோதிக்க வேண்டும் என்றதும் மகன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "கத்தி பட்டா பரவிரும்னு சொல்லுதாங்களே" என்றார். எல்லோரும் சொல்வதுதான். பரிசோதனைக்காக எடுப்பதால் பரவுவதில்லை, எடுக்காமல் தள்ளிப்போடுகிற மாதங்களில்தான் அது வளர்கிறது. அதைச் சொல்லிப் புரியவைக்கத்தான் அரை மணி நேரம் ஆனது. மரத்துப்போக ஊசி போட்டு, பயறு அளவுக்குச் சதை எடுத்து, இரண்டு தையல் போட்டு அனுப்ப அதில் பாதி நேரம்கூட ஆகவில்லை.

புற்றுநோய்தான். ஆரம்ப நிலை. அறுவை சிகிச்சையில் நாக்கின் ஓரத்தைக் கொஞ்சம் எடுத்தார்கள், இப்போது பேச்சு லேசாகக் குழறுகிறது, சாப்பாட்டுக்குக் குறைவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்னிடமும் வந்து வாயைக் காட்டிவிட்டுப் போகிறார். ஒவ்வொரு முறையும் கிளம்பும்போது வாசலில் நின்று கேட்பார்: "பாக்கு வேண்டாம், பொகையிலை வேண்டாம், வெறும் வெத்தல மட்டும் ஒண்ணு போட்டுக்கிடவா தாயி?"

"வெத்தலை வாய்க்குப் போனா கை தானா பாக்குக்குப் போகும் ஆச்சி" என்பேன். சிரித்துக்கொண்டே போவார், அடுத்த முறையும் கேட்பார்.