தேவாலா தங்கம் மேலே மின்னியதும் கீழே காணாமல் போனதும்

தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால் தமிழ்நாட்டின் மழைப் பட்டியலில் நீலகிரி மாவட்டத்து தேவாலாவும் பந்தலூரும் மேலே வந்து உட்கார்ந்துகொள்ளும். அந்தச் செய்தியைப் பார்த்துவிட்டு ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "வெள்ளைக்காரன் காலத்தில் அங்கே தங்கச் சுரங்கம் இருந்ததாமே, ஏன் விட்டுவிட்டுப் போனான், தங்கம் தீர்ந்துவிட்டதா?" தீரவில்லை. பதிலில் பாதி அந்த மழையிலேயே இருக்கிறது.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பணியர், குறும்பர் போன்ற மலைமக்கள் அங்கே வெகுகாலமாக மண்ணை மரத்தட்டில் அலசித் தங்கம் எடுத்துவந்தார்கள். பாறையிலும் ஆழமில்லாத குழிகள் தோண்டியிருந்தார்கள். ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவிலிருந்து வரவழைக்கப்பட்ட ராபர்ட் பிரஃப் ஸ்மித் என்ற நிபுணர் அந்தக் குழிகளையும் பாறைகளையும் ஆராய்ந்து 1880-இல் நம்பிக்கையூட்டும் அறிக்கை ஒன்றைத் தர, லண்டனில் கம்பெனிகள் முளைத்தன, பங்குகள் பறந்தன. நோய் விழுந்து நொடித்துக் கிடந்த காப்பித் தோட்டங்கள் தங்க வயலாக விலை போயின. சில ஆண்டுகளில் எல்லாம் படுத்துவிட்டது. உண்மையில் லாபம் பார்த்தவர்கள் தோட்டத்தை விற்றவர்கள்தான் என்பது என் கணிப்பு.

சரி, பாறைக்கு வருவோம். இங்கே இருப்பது 250 கோடி ஆண்டுகளையொட்டிய பழமை கொண்ட, வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறிய நைஸ் வகைப் பாறைகள். அவற்றின் வெடிப்புகளில் ஆழத்திலிருந்து ஏறிவந்த வெந்நீர் சிலிக்காவைப் படியவைத்து வெள்ளை வெளேரென்ற குவார்ட்ஸ் நரம்புகளை உண்டாக்கியது. தங்கம் அந்த நீரில் கந்தகத்தோடு கைகோத்து வந்தது. பக்கத்துப் பாறையிலிருந்த இரும்பு அந்தக் கந்தகத்தைப் பிடுங்கிக்கொண்டு பைரைட் என்ற இரும்பு-கந்தகக் கனிமமாக மாற, துணையிழந்த தங்கமும் அங்கேயே படிந்தது. அதனால்தான் குவார்ட்ஸ், பைரைட், தங்கம் மூன்றும் சேர்ந்தே கிடைக்கின்றன. தங்கத்தில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாது. முறுக்கில் எள் மாட்டிக்கொண்டிருப்பது போல பைரைட்டுக்குள் பொடிப்பொடியாகச் சிக்கியிருக்கும்.

எனக்குப் பிடித்த பகுதி இதற்கப்புறம்தான். இந்த நரம்பு தரைமட்டத்தைத் தொடும் இடத்தில் மழை அதைப் பிடித்துக்கொள்கிறது. தண்ணீரும் ஆக்சிஜனும் பட்டால் பைரைட் அழுகும், கந்தக அமிலம் கசியும், அந்த அமிலம் சுற்றியிருக்கும் பாறையையும் அரிக்கும். சோடியம், பொட்டாசியம், கால்சியம் எல்லாம் கரைந்து ஓடிவிடும், சிலிக்காவிலும் நிறையப் போய்விடும். மிஞ்சுவது இரும்பும் அலுமினியமும் நிறைந்த செந்நிற லேட்டரைட். (லேட்டரைட்டை ஃபிரான்சிஸ் புக்கானன் முதன்முதலில் விவரித்தது இதே மலைகளுக்குக் கீழே, மலப்புறம் மாவட்டத்து அங்காடிப்புறத்தில்.) பாறையில் இவ்வளவு காணாமல் போனபின்பும் தங்கம் பெரும்பாலும் அங்கேயே நிற்கும். பைரைட் அழுகியதால் சிறையும் உடைந்துவிட்டது.

ஆனால் அது சும்மாவும் நிற்பதில்லை. மட்கிய இலைதழைகளின் கரிம அமிலங்களும் மழைநீரில் இருக்கும் குளோரைடும் சேர்ந்து தங்கத்தில் மிக மிகச் சிறிதளவைக் கரைக்கின்றன. அது மெல்லக் கீழிறங்கி, இரண்டு எலக்ட்ரான் மட்டும் இழந்திருக்கும் ஃபெரஸ் இரும்பைச் சந்திக்கும்போது, இரும்பு இன்னொரு எலக்ட்ரானையும் தங்கத்துக்குக் கொடுத்துவிட்டு ஃபெரிக் துருவாகிறது. எலக்ட்ரான் வாங்கிய தங்கம் மறுபடி உலோகமாகிப் பக்கத்திலிருக்கும் துகளின் மேல் ஒட்டிக்கொள்கிறது. பாறையிலிருந்தபோது அதோடு கலந்திருந்த வெள்ளி எளிதில் கரையும் சுபாவம் உள்ளது, அது தண்ணீரோடு போய்விடும். ஆக மழை ஒரே நேரத்தில் தங்கத்தைப் பெரிதாக்கவும் செய்கிறது, புடம் போடவும் செய்கிறது! மலைக்கு அந்தப்பக்கம் நிலம்பூரின் லேட்டரைட்டில் கிடைத்த தங்கத் துகள்களை ஆராய்ந்து, அவை மிக உயர்ந்த தூய்மை கொண்டவை என்று எம். சந்தோஷும் பி.கே. ஓமனாவும் 1991-இல் எழுதினார்கள். பல லட்சம் ஆண்டு மழையின் வேலை அது.

இப்போது கம்பெனிகள் ஏமாந்தது புரியும். மலைமக்கள் எடுத்துவந்ததும் நிபுணர்கள் பார்த்து மயங்கியதும் பெரும்பாலும் மழை செறிவூட்டிய மேல்தோலை. பெரிய இயந்திரங்கள் வந்து ஆழத்துக்குப் போனபோது மழை தொடாத, பைரைட் அழுகாத மூலப் பாறை வந்தது. அன்றைய முறை, பாறையை இடித்து மாவாக்கிப் பாதரசத்தின் மேல் ஓட விடுவது. பாதரசம் தொட்டால்தான் தங்கத்தைப் பிடிக்கும். பைரைட்டுக்குள் இருப்பதைத் தொடவே முடியாது. தங்கத்தைச் சயனைடு கரைசலில் கரைத்தெடுக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கப்பட்டது 1887-இல், அதற்குள் இங்கே பாதிக் கடை மூடியாகிவிட்டது. அது முன்பே வந்திருந்தாலும் பெரிதாக உதவியிருக்காது. இந்திய நிலவியல் ஆய்வுத் துறைக்காக ஹேடனும் ஹாட்ச்சும் ஆராய்ந்து 1901-இல் வெளியிட்ட அறிக்கை சொன்னது, நரம்பிலேயே தங்கம் கட்டுப்படியாகும் அளவுக்கு இல்லை என்று.

தேவாலாப் பக்கம் புதையலைப் பூதம் காக்கிறது, பூசை போட்டால் வழிவிடும் என்று சொல்பவர்களை நம்பிப் பழைய குழிக்குள் இறங்காதீர்கள். மழையில் இளகிய லேட்டரைட் எப்போது சரியும் என்று சொல்ல முடியாது, திருட்டுத்தனமாகத் தோண்டப்போய் உள்ளேயே செத்தவர்கள் உண்டு. திருட்டுத்தனமாக எடுப்பவர்கள் இன்றும் பாதரசம்தான் பயன்படுத்துகிறார்கள், அது புன்னப்புழை ஆற்றின் வழியாகக் கேரளத்தின் சாலியாற்றுக்கு இறங்கும். இன்னும் எத்தனை கிராம் தங்கம் இருக்கிறது என்று துளைபோடச் செலவழிக்கும் பணத்தில் ஒரு பங்கையாவது, அந்த ஓடைகளின் வண்டலிலும் மீனிலும் எவ்வளவு பாதரசம் இருக்கிறது என்று அளக்க ஒதுக்கினால் நான் சந்தோஷப்படுவேன்.