உங்கள் ஜீமெயில் யாரிடம் இருக்கிறது?

அமெரிக்காவில் ஸ்டீபன் தாமஸ் என்றொரு கணினிக்காரர். 2011இல் ஒரு கார்ட்டூன் வீடியோ செய்து கொடுத்ததற்குக் கூலியாக அவருக்கு 7,002 பிட்கொயின் என்ற டிஜிட்டல் காசு கிடைத்தது. அன்றைக்கு அது பெரிய காசில்லை, பிறகு பல கோடியானது. அதைத் திறக்கும் சாவியை ஒரு பென் டிரைவில் போட்டார், பென் டிரைவின் பாஸ்வேர்டை ஒரு தாளில் எழுதினார், தாளைத் தொலைத்துவிட்டார். பத்துத் தடவை தப்பாக அடித்தால் அந்த பென் டிரைவ் ஒரேயடியாகப் பூட்டிக்கொள்ளும். 2021இல் செய்தி உலகமெல்லாம் சுற்றியபோது எட்டுத் தடவை முடிந்திருந்தது. வேல்ஸ்காரர் ஜேம்ஸ் ஹவல்ஸ் கதை இன்னும் விசித்திரம். 2013இல் குப்பையோடு போன, பிட்கொயின் சாவி இருந்த தன் ஹார்ட் டிஸ்க்கைத் தோண்டி எடுக்க விடச் சொல்லி நகரசபையோடு வருடக்கணக்கில் மல்லுக்கட்டினார். 2025 ஜனவரியில் நீதிபதியும் வழக்கைத் தள்ளிவிட்டார்.

இந்த மாதிரிச் செய்தி வரும்போதெல்லாம் கடைப் பையன்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். எனக்கு அவ்வளவாகச் சிரிப்பு வருவதில்லை. ஹட்டனில் போன் திருத்தும் கடை வைத்திருப்பவனுக்கு இது தினசரி வியாபாரம். கோடிக்குப் பதிலாகக் குழந்தையின் முதல் பிறந்தநாள் படம், அவ்வளவுதான் வித்தியாசம்.

"தம்பி, லாக்க மட்டும் எடுத்துக் குடுங்க. படம் ஒண்ணும் போயிறக் கூடாது." கவுண்டரில் நான் அதிகம் கேட்கும் வசனம் இதுதான். பெரும்பாலும் போனுக்குச் சொந்தக்காரர் உயிரோடு இருக்க மாட்டார், அல்லது பெரிய ஆஸ்பத்திரியில் பேச்சில்லாமல் படுத்திருப்பார். பெட்டர்ன் அவருக்கு மட்டும்தான் தெரியும். பிள்ளைகள் ஆளுக்கொரு கோடு போட்டுப் பார்த்துவிட்டு, போன் மணிக்கணக்கில் காத்திருக்கச் சொன்ன பிறகு கொண்டு வருவார்கள்.

உள்ளதைச் சொல்கிறேன். லாக் எடுப்பது என்று கடைகளில் சொல்வது, போனை முழுக்கத் துடைத்துப் புதிதாக்குவதைத்தான். படம், வீடியோ, நம்பர் எல்லாம் போய்விடும். படம் போகாமல் லாக் எடுக்கச் சில பழைய மொடல்களில் வழி இருந்தது. இப்போது போன் தன் நினைவகத்தில் எதையும் குழப்பி எழுதியே வைக்கிறது. 2019இல் அண்ட்ரொய்ட் 10 வந்ததிலிருந்து, அதோடு வெளியாகும் போன்களுக்கெல்லாம் இது கட்டாயம். அந்தக் குழப்பத்தை அவிழ்ப்பது அதே போனின் சிப்பும் நீங்கள் போட்ட பெட்டர்னும் சேர்ந்துதான். மெமரி சிப்பை மட்டும் கழற்றி வேறு மெஷினில் போட்டால் ஒன்றும் தெரியாது. "கொழும்புல ஒரு கடையில எடுப்பாங்களாம்" என்று யாராவது சொன்னால், காசு கொடுக்கும் முன் படம் போகாது என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.

துடைத்தும் முடிந்தது, போன் திறக்கிறது, அடுத்த சுவர் வரும்: 'இந்த போனில் முன்பு இருந்த கூகுள் கணக்கைக் கொடு.' திருட்டைத் தடுக்க 2015இல் அண்ட்ரொய்ட் 5.1இல் வந்த ஏற்பாடு இது. நல்ல ஏற்பாடு. ஆனால் தேயிலைத் தோட்டத்து அம்மா ஒருவரிடம் "உங்க ஜீமெயில் என்னம்மா?" என்று கேட்டால், "எங்கிட்ட அதெல்லாம் இல்லையே தம்பி, போன் மட்டுந்தான்" என்பார்.

அவரிடம் இருக்கிறது. போன் வாங்கிய அன்று கடைக்காரர் ரெண்டு நிமிடத்தில் திறந்து கொடுத்த கணக்கு. அவர் பெயரோடு ஏதோ நாலு எண், பாஸ்வேர்டாகக் கடைக்காரர் எல்லோருக்கும் போடும் ஒரே சொல், கூகுள் அனுப்பும் கோட் வரும் நம்பராகக் கடையின் நம்பர். பிறந்த தேதியைக் கேட்க நேரமில்லாததால் எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் கூகுளுக்கு ஜனவரி 1ஆம் திகதி பிறந்தவர்கள். அறுபது வயதுப் பாட்டிக்கு இருபத்தைந்து வயது என்று பதிந்திருப்பதையும் பார்த்திருக்கிறேன். அந்தக் கடை மூடிப் போயிருக்கும், அல்லது கடைப் பையன் கட்டாருக்குப் போயிருப்பான். கணக்கு எங்கேயோ பத்திரமாக இருக்கும், உள்ளே போக ஆளிருக்காது.

இதை மறதி என்று வயதானவர்கள் தலையில் கட்டுவது எனக்குப் பிடிக்காது. ஒருவருக்குத் தெரியாத ஒன்றை அவர் எப்படி மறப்பார்?

பணத்தை விட இது குடும்பத்தைத்தான் அடிக்கிறது. அம்மா குவைத்தில், அப்பா கொழும்பில் கடை வேலையில், பிள்ளைகள் அம்மாயி வீட்டில் என்று வாழும் குடும்பங்கள் இங்கே எத்தனையோ. அந்த வீடுகளில் அம்மா என்பது வட்ஸ்அப் வொய்ஸ்தான். 'சாப்டியா, குளிருக்கு ஸ்வெட்டர் போட்டியா' என்று வருடக்கணக்கில் சேர்ந்த குரல். போன் உடைந்தால் அதைத் திரும்ப எடுக்க ரெண்டு விஷயம் வேண்டும்: பேக்கப் இருக்கும் அதே கூகுள் கணக்கு, வட்ஸ்அப் போட்ட அதே நம்பர். நம்பரிலும் சிக்கல் உண்டு. சிம் சித்தப்பாவின் அடையாள அட்டையில் எடுத்ததாக இருக்கும். தொலைந்தால் மாற்று சிம் எடுக்க அவரே நேரில் போக வேண்டும், அவரோடு பேச்சுவார்த்தை நின்று ரெண்டு வருடமாகியிருக்கும். உங்கள் நம்பர் யார் பெயரில் இருக்கிறது என்று சிம் கம்பனிக் கிளையில் கேட்டு, உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். சண்டை வருவதற்கு முன்.

கூத்துக்காரர்களுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றில் மன்மதன் கதையான காமன் கூத்து ஆடும் இளைஞர் ஒருவர், மழையில் நனைந்த போனோடு வந்தார். மாசி மாதம் கம்பம் ஊன்றியதிலிருந்து மதன் எரியும் நாள் வரைக்குமான பாட்டுகளைத் தங்கள் மாஸ்டரைப் பாட வைத்துப் பதிந்திருந்தாராம். பழைய கொப்பியொன்றில் பாதிப் பாட்டுத்தான் இருக்கிறது, மீதி மாஸ்டரின் தொண்டையில். அவருக்கோ எழுபதைத் தாண்டிவிட்டது, மூச்சு வாங்குகிறது.

பின்மூடியைச் சூடாக்கிக் கழற்றினேன். பேட்டரி கனெக்டரைச் சுற்றிப் பச்சையாகப் பூத்திருந்தது. நனைந்த போனைச் சார்ஜில் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். அரிசிக்குள்ளும் புதைத்திருக்கிறார்கள், சார்ஜ் துளைக்குள் ஒரு குருணை சிக்கிக் கிடந்தது. (அரிசி போனுக்குள் இருக்கும் தண்ணீரை இழுக்காது. போனை உடனே ஓஃப் செய்து, சார்ஜ் போடாமல் கொண்டு வாருங்கள், அது போதும்.) போர்டைக் கழற்றி, ஸ்பிரிட்டில் பிரஷ் போட்டுத் தேய்த்துக் காய வைத்து, கரிந்த ஒரு பாகத்தை மாற்றியதும் டிஸ்பிளேயில் வெளிச்சம் வந்தது. அவர் பெட்டர்னைப் போட்டார், நான் கேபிளைச் சொருகி லெப்டொப்பில் இழுத்துக்கொண்டேன். பாட்டெல்லாம் வந்து சேர்ந்த கொஞ்ச நேரத்தில் போர்டு சூடாகி அணைந்தது. பிறகு எழும்பவில்லை.

"கூகுள்லயும் இருக்குமே அண்ணே?" என்றார். பார்த்தோம். இல்லை. கூகுள் இலவசமாகத் தருவது 15 ஜீபீ. படம், மெயில், டிரைவ் எல்லாவற்றுக்கும் சேர்த்து அவ்வளவுதான், 2021 ஜூனிலிருந்து ஏற்றும் படங்களும் அந்தக் கணக்கில் சேரும். அண்ட்ரொய்ட்டில் வட்ஸ்அப் பேக்கப்பும் இப்போது அதற்குள்தான். அவருடையது டிக்டொக் வீடியோக்களால் நிரம்பி, பேக்கப் எப்போதோ நின்றுவிட்டது. 'இடம் போதாது' என்று போன் சொல்லிக்கொண்டேதான் இருந்திருக்கும். நாமெல்லோரும் விரலால் தள்ளிவிடும் அறிவிப்பு அது. உடுக்கும் தப்பும் ஒலிக்க மாஸ்டர் பாடுகிற பாட்டை ஒரே இடத்தில் வைக்காதீர்கள். ஒரு பென் டிரைவ் கோயில் கமிட்டியிடம், இன்னொன்று டவுனில் இருக்கும் ஒருவரிடம். மாஸ்டர் சம்மதித்தால் யூடியூபிலும் போட்டு வையுங்கள். சம்மதம் கேட்காமல் போடாதீர்கள், அது அவருடைய சொத்து.

இன்று இரவு செய்யக்கூடியது என்னவென்றால், போன் உயிரோடு இருக்கும்போதே செட்டிங்ஸில் கூகுள் என்ற இடத்தைத் திறந்து, அங்கே தெரியும் ஜீமெயில் முகவரியைக் கையால் எழுதுங்கள். அதிலேயே மீட்பு நம்பர் எது என்று பாருங்கள், கடையின் நம்பராக இருந்தால் உங்களுடையதாகவும் இன்னொரு குடும்பத்தவருடையதாகவும் மாற்றுங்கள். பாஸ்வேர்ட் தெரியாவிட்டால், 'மறந்துவிட்டேன்' என்பதை அதே போனில், வழக்கமாக இருக்கும் இடத்திலிருந்தே கொடுங்கள். கூகுளுக்குப் பழக்கமான போன், பழக்கமான இடம் என்றால் வழி விடும் வாய்ப்பு அதிகம். போன் செத்த பிறகு புதுப் போனிலிருந்து கேட்டால் உங்களைத் திருடனாகத்தான் பார்க்கும்.

எழுதிய தாளை பிறப்புப் பத்திரமும் ஈபிஎஃப் பீ கார்டும் வைக்கும் இடத்தில் வையுங்கள். லயத்தில் தீ பிடித்தால் எல்லாம் சேர்ந்தே போகும் என்பதால் இன்னொரு பிரதி வேறு வீட்டில் இருக்கட்டும். பாஸ்வேர்டை எழுதி வைப்பது ஆபத்து என்று படித்த பிள்ளைகள் சொல்வார்கள். ஆபீசில் அது சரி. தோட்டத்து வீட்டில் திருடன் வந்து ஜீமெயிலைத் தேடியதாக நான் கேள்விப்பட்டதில்லை, பாஸ்வேர்ட் தெரியாமல் அழுதவர்களைத் தினமும் பார்க்கிறேன். வங்கி பின் நம்பரை மட்டும் அந்தத் தாளில் எழுதாதீர்கள். வட்ஸ்அப் அனுப்பும் ஆறு இலக்கக் கோட்டை யாருக்கும், மகன் பெயரில் கேட்டாலும், சொல்லாதீர்கள்.

இறந்தவரின் கணக்கென்றால் அவசரம் இன்னும் கூடுதல். ரெண்டு வருடம் யாரும் தொடாத கணக்கை அழிக்கலாம் என்பது கூகுளின் விதி, 2023 டிசம்பரிலிருந்து அழித்தும் வருகிறது. உயிரோடு இருப்பவர் 'செயலற்ற கணக்கு நிர்வாகி' என்ற இடத்தில் பிள்ளைகளின் மெயிலைப் போட்டு வைத்தால், பிறகு படங்கள் அவர்களிடம் போகும். கணவனுக்கும் மனைவிக்கும் பெட்டர்ன் தெரிந்திருக்க வேண்டுமா என்பது வேறு வழக்கு, அதற்குள் நான் போகவில்லை.

புதுப் போன் வாங்கும்போது கணக்குத் திறந்து தரும் கடைக்காரரிடம் ஜீமெயிலையும் பாஸ்வேர்டையும் பில்லின் பின்புறத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். கோட் உங்கள் நம்பருக்கு வருகிறதா என்று நின்று பாருங்கள். பின்னால் கூட்டம் நிற்கிறது என்று முகம் சுளித்தால் சுளிக்கட்டும், காசு கொடுத்தவர் நீங்கள். முடியாது என்றால் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த கடைக்குப் போங்கள். டவுனில் கடைக்கா பஞ்சம்?