வெந்தயம் மணக்கும் ஒயின்

பிரான்சின் கிழக்கு எல்லையில், சுவிட்சர்லாந்தை ஒட்டிய ஜுரா மலைச்சரிவுகளில் சவான்யான் என்ற வெள்ளைத் திராட்சை விளைகிறது. அதிலிருந்து எடுக்கும் 'வேன் ஜோன்', அதாவது மஞ்சள் ஒயின், கோப்பையில் ஊற்றியதும் வால்நட் மணக்கும்; கொஞ்சம் பொறுத்தால் வெந்தயம் மணக்கும். ஏதோ வெந்தயம் மாதிரி என்பதில்லை. வெந்தயத்துக்கு அதன் தனி மணத்தைத் தரும் சோட்டோலோன் என்ற மூலக்கூறேதான் இந்த ஒயினிலும் இருக்கிறது. ஆனால் அது திராட்சையிலிருந்து வருவதில்லை. பீப்பாய்க்குள் ஆண்டுக்கணக்கில் உருவாகிறது.

பீப்பாயில் கிடக்கும் ஒயின் மரத்தின் வழியே மெல்ல ஆவியாகும். குறைந்த இடத்தில் காற்று புகும். காற்று பட்டால் ஒயின் கெடும் என்பதால், பொதுவாக அவ்வப்போது ஊற்றி நிரப்பிவிடுவார்கள். மஞ்சள் ஒயினுக்கு வேண்டுமென்றே நிரப்புவதில்லை. சர்க்கரை முழுக்கத் தீர்ந்துபோன ஒயினில் சிலவகை ஈஸ்ட் செல்களின் மேற்பரப்பு மாறி, நீரோடு ஒட்டாத தன்மை பெறுகிறது. செல்கள் ஒன்றோடொன்று பற்றிக்கொண்டு மிதக்கின்றன. காய்ச்சிய பாலில் ஆடை படிவதுபோல ஒயின் மேல் ஒரு மெல்லிய படலம் பரவுகிறது.

எல்லாப் படலமும் நல்லதல்ல. பாக்டீரியாப் படலம் பிடித்தால் ஒயின் வினிகராகிவிடும். இந்த இரண்டு படலங்களையும் வேறுபடுத்திக் காட்டியவர்களில் லூயி பாஸ்டர் முக்கியமானவர். ஜுராவில் பிறந்து, ஆர்புவா என்ற ஊரில் வளர்ந்தவர். 1860களில் ஒயின் ஆராய்ச்சிக்கு அந்த ஊருக்கே திரும்பி வந்தார். இன்றும் பாதாள அறைகளில் ஒவ்வொரு பீப்பாயையும் அவ்வப்போது பரிசோதிக்கிறார்கள். அசிட்டிக் அமிலம் ஏறினால் அந்தப் பீப்பாய் மஞ்சள் ஒயின் ஆகாது.

சர்க்கரை இல்லாததால், படலத்தில் வாழும் ஈஸ்ட் காற்றிலுள்ள ஆக்சிஜனைக் கொண்டு ஆல்கஹாலையே உண்கிறது. அப்போது வெளிவருவது அசிட்டால்டிஹைடு. பச்சை ஆப்பிள், வால்நட் வாசனைக்கு அதுவே காரணம். படலமே கவசமாகவும் இருக்கிறது; ஆக்சிஜனைத் தானே எடுத்துக்கொண்டு அடியிலுள்ள ஒயினைக் காக்கிறது. மடிந்த செல்கள் அடியில் வண்டலாகப் படிந்து அமினோ அமிலங்களை விடுகின்றன. அவற்றுள் ஒன்றான திரியோனினிலிருந்து கீட்டோபியூட்டிரிக் அமிலம் உண்டாகிறது. அதுவும் அசிட்டால்டிஹைடும் இணைந்தால் சோட்டோலோன். மிக மெதுவான வினை இது. ஆனாலும் லிட்டருக்குச் சில மைக்ரோகிராம் சேர்ந்தாலே நம் மூக்கு கண்டுபிடித்துவிடும்.

அறுவடைக்குப் பின் ஆறு ஆண்டு மூன்று மாதம் காத்திருக்க வேண்டும் என்பது சட்டம். அதற்குள் ஒரு லிட்டர் ஏறத்தாழ 62 சென்டிலிட்டராகச் சுருங்கிவிடும். கிளாவ்லான் எனப்படும் குட்டையான பாட்டிலின் கொள்ளளவும் அதுவே.

சாப்பாட்டுத் துணையைப் பொறுத்தவரை ஜுராக்காரர்களின் தேர்வு மிகச் சரியானது என்பேன். அவர்களுடைய கோந்தே பாலாடைக்கட்டி முதிர முதிர அதிலும் வால்நட் வாசனை கூடும். அதன் கொழுப்பும் உப்பும் ஒயினின் கூரிய புளிப்பைத் தணிக்கும். சேவல், மோரல் காளான், கிரீம் மூன்றையும் மஞ்சள் ஒயினில் வேகவைப்பது அந்த ஊரின் பெருமைக்குரிய சமையல். அசிட்டால்டிஹைடு 20 டிகிரியிலேயே கொதிக்கும் பொருள். அடுப்பில் பெரும்பகுதி பறந்துவிடும். எளிதில் ஆவியாகாத சோட்டோலோன் குழம்பில் தங்கும்.

கறிமசாலா சேர்ந்த உணவோடும் இதைப் பிரான்சில் விரும்பிக் குடிக்கிறார்கள். மசாலாவில் வெந்தயம் இருப்பதால் தட்டிலும் கோப்பையிலும் ஒரே மூலக்கூறு. தேங்காய்ப்பால் சேர்த்த, காரம் குறைந்த குழம்புதான் இதற்குப் பொருத்தம். மிளகாயின் எரிச்சலை உணர்த்தும் அதே நரம்பு ஏற்பியை ஆல்கஹாலும் தூண்டுவதால், காரம் மிகுந்தால் நாக்கு எரிவது மட்டுமே மிஞ்சும், மணம் தெரியாது.

குளிர்பெட்டியிலிருந்து எடுத்ததும் ஊற்றினால் இந்த மணங்கள் எழாது. 15 டிகிரி அளவில், சில மணி நேரம் முன்பே திறந்து வைப்பது வழக்கம். ஆறு ஆண்டுகள் காற்றோடு பழகிய ஒயின் என்பதால், திறந்த பாட்டிலை மூடி வைத்தால் வாரக்கணக்கில் கெடாது.