டைனோசருக்கு யானை நகம் எதற்கு?

பள்ளிக்கூட வாசலுக்கும் பூங்காவுக்கும் டைனோசர் சிலை கேட்டு வருகிறவர்களிடம் பெரும்பாலும் செல்போனில் இறக்கிய ஒரு படம்தான் இருக்கும். அதைக் காரைக்குடிப் பக்கத்துச் சுதை வேலைக்காரர் ஒருவரிடம் கொடுத்தால், கோயில் யானைக்குப் பழகிய அவர் கை நீண்ட கழுத்து டைனோசரின் முன்னங்காலிலும் வரிசையாக நகம் வைத்துவிடும். கைத்திறனில் குறை இல்லை, எலும்பைக் காட்டாமல் வேலையைக் கொடுத்ததுதான் குறை. சாரோபாட் என்கிற அந்த வகையின் முன்பாதத்தில் எலும்புகள் தூண்கள் மாதிரி நிமிர்ந்து, அரைவட்டமாக நிற்கும். பல இனங்களில் கட்டைவிரலில் மட்டும் ஒரு நகம் உண்டு. அரியலூர், குஜராத் பாறைகளில் எலும்பு கிடைத்த டைட்டனோசர் குடும்பத்திலோ பெரும்பாலும் அதுவும் கிடையாது.

சிலைக்கு முதலில் வேண்டியது பக்கவாட்டு எலும்புப்படமும், மேலிருந்து பார்க்கும் படமும். இரண்டும் ஒரே அளவில் இருக்க வேண்டும். ராஜாசாரஸை எடுத்துக்கொள்வோம். குஜராத்தில் ராகியோலியில் கிடைத்து 2003இல் பெயர் பெற்ற ஊன் உண்ணி இது. மூளைப்பெட்டி, முதுகெலும்பு, இடுப்பு, பின்னங்கால், வால் ஆகியவற்றின் பகுதிகள் கிடைத்தன. நெற்றியில் தாழ்வான ஒற்றைக் கொம்பு. முன்னங்கைக்கு மடகாஸ்கரின் மஜுங்காசாரஸ், அர்ஜென்டினாவின் கார்னோடாரஸ் என்ற உறவினங்களைத்தான் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் கை மிகக் குட்டை. அதை நீட்டிப் பெரிய விரல் வைத்தால் வேறு விலங்காகிவிடும்.

எலும்பின் மேல் நேரே தோலைப் போர்த்துவதுதான் அடிக்கடி நடக்கும் தப்பு. கன்னம் ஒட்டி, விலா எண்ணுகிற மாதிரி, பட்டினி கிடந்த மிருகமாக நிற்கும். தசை எங்கே ஒட்டியது என்பதை எலும்பிலுள்ள மேடும் சொரசொரப்புமே சொல்லும். சொல்லாத இடத்துக்கு முதலையையும் பறவையையும் பார்க்கலாம், டைனோசருக்கு உயிரோடிருக்கும் நெருங்கிய சொந்தம் அவை இரண்டும்தான். நாட்டுக்கோழி அறுக்கும்போது காலைக் கவனியுங்கள். பின்பக்கமாக மடங்குவதாகத் தெரிவது முழங்கால் அல்ல, கணுக்கால். முழங்கால் மேலே, இறகுக்குள் ஒளிந்திருக்கும். ஊன் உண்ணி டைனோசரின் காலும் அப்படித்தான். வாலுக்கு மட்டும் கோழி உதவாது, முதலைதான் வேண்டும். தொடையெலும்பின் பின்புறத்திலிருந்து வாலெலும்புவரை ஓடும் ஒரு பெருந்தசை காலைப் பின்னுக்கு இழுக்கும். அதனால் வாலின் அடி, மேலிருந்து பார்த்தால், இடுப்புக்கு ஈடாகப் பருத்திருக்கும். கோழி வலையைக் கயிறு மாதிரி சுற்றி வால் செய்தால் அந்தக் காலுக்கு நடக்கத் தெம்பே இருந்திருக்காது.

வால் தரையில் ஊன்றுவதற்கு அறியாமை மட்டும் காரணமல்ல. இரண்டு காலில் நிற்கும் சிமெண்ட் உடல் கவிழும், வாலை மூன்றாவது காலாக்கினால் நிற்கும். ஆனால் கிடைத்த காலடித் தடங்களில் வால் இழுபட்ட கோடு மிக அரிது. முதுகு கிட்டத்தட்டக் கிடைமட்டமாக இருக்க, இடுப்பு தராசின் நடுமுள் போல நின்று முன்னும் பின்னும் எடையைப் பகிர்ந்தது. மூன்றில் ஒரு பங்கு அளவில், இரண்டு மீட்டருக்குச் சற்று மேல் நீளமுள்ள ராஜாசாரஸ் செய்வதானால் இரண்டு கால் வழியாகவும் இரும்புக் குழாயை இறக்கி அடித்தளக் கான்கிரீட்டில் புதைத்து, மேலே இடுப்புக் குறுக்குக் கம்பியோடு வெல்டிங் செய்யுங்கள். தலையும் வால் நுனியும் ஃபைபர், அல்லது உள்ளே வெற்றிடம். 8 எம்எம் கம்பிக் கூடு, அதன்மேல் இரண்டு அடுக்கு வலை, ஒரு பங்கு சிமெண்டுக்கு மூன்று பங்கு மணல் கலவை. ஒரே நாளில் தடிமனாக அப்பினால் வயிற்றடியில் தொங்கிச் சரிந்துவிடும். மெல்லிய பூச்சாகப் போட்டு, ஒவ்வொன்றும் இறுகிய பிறகே அடுத்தது. முடிந்ததும் ஈரச்சாக்கு போர்த்தி 7 நாளாவது ஈரம் காயாமல் வைத்திருங்கள், இந்த வெயிலில் அதற்குக் குறைந்தால் வெடிப்பு நிச்சயம்.

ஊன் உண்ணி டைனோசரின் உள்ளங்கைகள் தரையைப் பார்க்கக் கூடாது, ஒன்றையொன்று பார்க்க வேண்டும். அந்த மணிக்கட்டு கீழ்நோக்கித் திரும்பாது. வாயை மூடினால் பல் வெளியே தெரிய வேண்டுமா என்பது இன்னும் விவாதத்தில் இருக்கிறது. 2023இல் வெளியான ஓர் ஆய்வு, பல் எனாமல் தேய்ந்த விதத்தை முதலைப் பல்லோடு ஒப்பிட்டு, டைரனோசர் என்ற பெரிய ஊன் உண்ணிகளுக்குப் பல்லை மூடும் உதடு இருந்தது என்கிறது. எங்கள் சாய்வும் அதே பக்கம்தான்.

முதலைத்தோல் அச்சை முதுகு முழுக்க அழுத்துவதை நிறுத்தலாம். டைரனோசாரஸ் தோல் பதிவுகளில் செதில் 5 மி.மீ.க்கும் சிறிது. மூன்றில் ஒரு பங்குச் சிலையில் அது கண்ணுக்கே தெரியாது. கார்னோடாரஸ் தோலில் இடையிடையே சில செ.மீ. அகலப் புடைப்புகள் உண்டு. அவற்றை 1–2 செ.மீ. அளவில், வரிசை இல்லாமல் சிதறி வைத்தால் போதும்.

நிறத்துக்கு ஆதாரமே இல்லை என்பது பழைய கதை. இறகிலும் தோலிலும் நிறத்துகள்களின் வடிவம் எஞ்சியிருந்ததால், சிறிய இறகு டைனோசரான சைனோசாரோப்டெரிக்ஸின் வால் செம்பழுப்பும் வெள்ளையுமாக வரியோடியது என்று 2010இல் தெரிந்தது. கவச டைனோசரான போரியலோபெல்டாவின் முதுகு செம்பழுப்பு, வயிறு வெளிர் என்று 2017இல். ராஜாசாரஸுக்கு அப்படி எதுவும் கிடைக்கவில்லை, ஆகவே நிறம் நம் இஷ்டம். கிளிப்பச்சை எனாமல் மட்டும் வேண்டாம். பளபளப்பு, செதுக்கிய வேலையை எல்லாம் விழுங்கிவிடும். ஆத்தங்குடி டைல்ஸுக்குப் போடுகிற ஆக்சைடு பொடியில் சிவப்பும் மஞ்சளும் கலந்து மங்கலாகப் பூசினால் வெயிலுக்கும் வெளிறாது.

“நம்ம ஊரு டைனோசர் வேணும்” என்று கேட்பவர்கள் சொல்வது பிருகத்காயோசாரஸை. அரியலூர் மாவட்டம் கல்லமேடு, 1987. தாடையெலும்பு அல்ல, மண்டையோடு அல்ல, கிடைத்தவை இடுப்பும் கால் எலும்புகளும் ஒரு வாலெலும்பும்தான். முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு மட்டும் 2 மீட்டர் என்று எழுதினார்கள். முதலில் ஊன் உண்ணி என்றே வகைப்படுத்தினார்கள். அந்த எலும்புகள் பின்னர் பொடிந்து போயின, இப்போது சரிபார்க்க எலும்பு இல்லை. இணையத்தில் சுற்றும் நீளமும் டன் கணக்கும் அந்த ஓரிரு அளவிலிருந்து பெருக்கியவை. அதனால் பொதுவான ஒரு டைட்டனோசரைச் செய்து, பலகையில் அப்படியே எழுதுவது மேல். எல்லாச் சிலைக்கும் பலகையில் மூன்று வரி இருக்கட்டும்: எந்த எலும்பு கிடைத்தது, எது உறவினத்திடமிருந்து எடுத்தது, எது கற்பனை. வரைபடத்தில் இந்த மூன்றையும் மூன்று நிறத்தில் குறித்துத் தராத யாருக்கும் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.